லாடம் போட்ட பாசி

திருச்சியில் இருந்துகொண்டு கடலை ஆராய்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு முக்கொம்பு அணைக்கு வழி சொல்வார்கள். "அங்க போங்களேன், ஷட்டரைத் திறந்தா அலையே அடிக்கும்" என்று என் நாத்தனார் ஒரு தடவை சொன்னார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அலையை வைத்துக்கொண்டு யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை, எனக்கு வேண்டிய கடல் விரல் நீளக் குழாய் ஒன்றில் அடங்கிவிடும் என்று பொரிந்து தள்ளினேன். பாவம் அவர், காபியைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

நகரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். முப்பத்தெட்டு வயதில், இனி எதற்கு என்று எல்லோரும் கேட்டு முடித்த பிறகு, பல்கலைக்கழகத்தின் கடலறிவியல் துறையில் பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். என் நெறியாளர் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை மேடம் என்பேன். இந்த இரண்டு மேடம்களில் யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது வெகுநாள் முடிவாகாமலேயே இருந்தது.

நான் எடுத்துக்கொண்டது டயட்டம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி அது. தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொண்டு, குங்குமச் சிமிழ் மாதிரி மேலே ஒரு மூடியும் கீழே ஒரு கிண்ணமுமாக வாழும். பாக் நீரிணைக் கரையில், இடுப்பளவுத் தண்ணீரில் கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லின் இலைகளில் என்னென்ன டயட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பட்டியல் போடுவதுதான் என் வேலை. சாதாரண நுண்ணோக்கியில் ஓட்டின் உருவம் தெரியும், அவ்வளவுதான். ஓட்டின் மேலிருக்கும் வரிகளையும், வரிக்குள் இருக்கும் துளைகளையும் பார்த்தால்தான் எந்த இனம் என்று அடித்துச் சொல்ல முடியும். அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

அது ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கிற இயந்திரம். சட்டைப் பொத்தான் அளவு அலுமினிய வில்லையில் மாதிரியை ஒட்டி, மேலே மெல்லிசாகத் தங்கம் பூசி, உள்ளே வைத்துக் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகுதான் திரையில் படம் வரும். அந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது, கதவை அறைந்து சாத்தக்கூடாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இயந்திரத்தின் மேல் வருஷம் முழுக்க இருக்கும். அதை இயக்குகிறவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனிதர். யார் வந்தாலும், "என்ன கொண்டாந்திருக்கீங்க, தூசியா, துருவா?" என்று கேட்பார். எனக்கு மாதத்துக்கு ஓர் அரை நாள் அங்கே இடம் கிடைத்தால் அதிகம்.

இப்போது குழாய் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இலையிலிருந்து சுரண்டி எடுத்ததை அமிலத்தில் கொதிக்க வைத்தால் உயிருள்ள பகுதி கரைந்து கண்ணாடி ஓடு மட்டும் மிஞ்சும். அப்புறம் அமிலம் போகிறவரை சுத்த நீரில் ஏழெட்டுத் தடவை அலச வேண்டும். அலசுவதெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்களில். ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போட வேண்டும் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். நம் ஊரில் யார் போடுவார்கள்? ஊறுகாய் தீர்ந்த பாட்டிலைக் கழுவி அதில் கடுகு கொட்டி வைக்கிற கை இது. நான் குழாய்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வெயிலில் காயவைப்பேன். வருஷக்கணக்கில் அதே குழாய்கள். துறையிலேயே சுத்தமான குழாய்கள் என்னுடையவைதான் என்ற கர்வம் வேறு.

நான்காம் வருஷத்தில், கடற்புல் மாதிரி ஒன்றில் அந்த ஓடு வந்தது. முட்டை வடிவம். வரிவரியாகத் துளைகள். நடுவில், ஒரு பக்கத்தில் மட்டும், குதிரை லாடத்தை அழுத்தி எடுத்த மாதிரி வரிகளே இல்லாத ஒரு வெற்றிடம். மொத்த வில்லையிலும் மூன்றே ஓடுகள்தான் இருந்தன. நானும் நெறியாளரும் கடல் டயட்டங்களைப் பற்றிக் கைக்குக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டினோம். எதிலும் இல்லை. மூன்றுதான் கிடைத்தது என்பதையே அது அரியது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். புது இனம் என்று இருவர் பெயரிலும் கட்டுரை எழுதினோம். பெயர் சூட்டும் வேலையை நெறியாளர் எனக்கு விட்டுக்கொடுத்தார். நான் காவேரியின் பெயரை வைத்தேன்.

"கடல்ல கிடைச்சதுக்கு ஆத்துப் பேரா மேடம்?" என்று சிரித்தார். ஊர்ப் பாசம் என்றேன்.

கட்டுரை ஓர் ஆய்விதழுக்குப் போனது. அது ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். என் பதிவுக் காலத்தை ஏற்கனவே இரண்டு தடவை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். இனி நீட்டிப்பு கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். கட்டுரை வந்தால் பட்டம், வராவிட்டால் ஐந்து வருஷ உழைப்பு அப்படியே நின்றுபோகும். இதற்கு நடுவில், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் கணவர், பால்காரரில் தொடங்கி உத்தர வீதிப் பூக்காரம்மா வரைக்கும் தகவல் கொடுத்து முடித்திருந்தார். நுண்ணோக்கி அறை சார், அந்த லாடத்துப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டு, திரைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார். அந்தச் சுவரில் அதுவரை சாமி படத்தைத் தவிர எதற்கும் இடம் கிடைத்ததில்லை.

ஒவ்வொரு வருஷமும் என் முதுகலை மாணவிகளை அந்த அறைக்கு அழைத்துப்போவேன். பெரும்பாலும் லால்குடி, சமயபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள். சிலர் கடலைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்குக் காட்டுவதற்கு அருமையான கடல் மாதிரியை ஏன் வீணாக்க வேண்டும் என்று, காவேரிக் கரை அம்மா மண்டபம் படித்துறைக் கல்லில் வழுக்குகிற பாசியை ஸ்பூனால் சுரண்டி எடுத்துவரச் சொல்வேன். அதே அமிலம், அதே அலசல், அதே குழாய்கள். திரையில் அவர்கள் பார்ப்பார்கள், ஆற்றுப் பாசிதானே என்று நான் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை.

கட்டுரை அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தபோது அந்த வருஷத்து மாணவிகளோடு போனேன். பன்னிரண்டு பேரும் வெறுங்காலோடு சுவரோரமாக நின்றார்கள். சார் படத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். படகு மாதிரி ஓடுகள், ஊசி மாதிரி ஓடுகள், உடைந்த துண்டுகள். பிறகு முட்டை வடிவத்தில் ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு, கும்பலாக. ஒவ்வொன்றின் நடுவிலும், ஒரு பக்கத்தில், லாடம்.

சமயபுரத்திலிருந்து வருகிற பெண் சுவரைப் பார்த்து விரலை நீட்டினாள். "மேடம், அங்க மாட்டியிருக்கிறது இதுதானே?"

"பார்க்கத்தான் ஒரே மாதிரி இருக்கும்மா. இது வேற, அது வேற" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று அதுவரை தெரியாது. சார் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். படத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்.

பஸ்ஸில் வரும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. மாணவிகளுக்காக ஆற்றுப் பாசியை அலசிய குழாய்களில்தான் அந்தக் கடல் மாதிரியையும் அலசியிருந்தேன். கண்ணாடி ஓடு பிளாஸ்டிக்கின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டால் பிரஷ்ஷுக்கும் மசியாது, கொதிநீருக்கும் மசியாது. படித்துறைக் கல்லில் இருந்த மூன்று ஓடுகள் என் குழாயில் தங்கி, கடல் மாதிரியோடு சேர்ந்து, புது இனமாகிவிட்டன. வீட்டுக்கு வந்ததும், ஆராய்ச்சியைத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, நன்னீர் டயட்டங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். லாடத்தோடு படம் போட்டிருந்தது. ஆற்றுக் கற்களில் எங்கும் காணப்படும் சாதாரண வகை என்று எழுதியிருந்தது. காவேரிக் கரையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஆற்றுப் புத்தகத்தைத் தொடவே இல்லை. நாங்கள் கடல்காரர்கள் அல்லவா.

கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அது நம்ம படித்துறையிலயே இருக்குதா?" என்று கேட்டார். முகத்தில் ஏமாற்றம் என்பதே இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்களை யாரு ஊரெல்லாம் தமுக்கு அடிக்கச் சொன்னது? இப்ப அந்தப் பூக்காரம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"இல்லையாம்மா, தப்பாயிடுச்சாம்னு சொல்றேன். அவங்க என்ன கோவிச்சுக்கவா போறாங்க?" ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "உங்க மேடத்துக்கிட்ட எப்ப சொல்லப் போற?"

சொல்லாமலேயே விட்டுவிடலாம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கட்டுரையைப் படித்துப் பார்க்கிறவர்களும் கடல்காரர்களாகவே இருக்கலாம், கண்டுபிடிக்காமல் விடலாம், பட்டம் கைக்கு வந்த பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. ஆனால் அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததே, கண்ணில் படுவதை அப்படியே சொல் என்பதுதான். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை நெறியாளரின் மேசையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ஒன்று கடல் மாதிரி, ஒன்று படித்துறைப் பாசி. வெகுநேரம் பார்த்தார்.

"ட்யூபா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

"கட்டுரையில என் பேரும் இருக்கு மேடம்."

"தெரியுங்க."

"கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாம். ஒரு மெயில்தான். மத்ததெல்லாம் என்ன பண்ணப் போறீங்க? எல்லா வருஷமும் அதே ட்யூப்லதானே அலசியிருக்கீங்க? உங்க லிஸ்ட்ல எது கடல், எது ஆறுன்னு இப்ப உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது. அந்த நிமிடம் வரை ஓர் இனம்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அறுபத்திரண்டு பெயர்கள் கொண்ட மொத்தப் பட்டியலும் ஆட்டம் கண்டது. அவர் உட்காருங்கள் என்று சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். விஷயம் ஆய்வுக் குழுவுக்குப் போனது. அவர்கள் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. அதே இடத்தில் மறுபடி சேகரித்து, புதுக் குழாய்களில் அலசி, பட்டியல் நிற்கிறதா என்று மூன்று மாதத்தில் காட்டுங்கள் என்றார்கள். நின்றால் அந்தப் பட்டியலை வைத்தே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். நிற்காவிட்டால் பதிவு ரத்து. வெளியே வந்த நெறியாளர், வழக்கமாக என்னோடு டீ குடிக்க வருகிறவர், நேராகத் தன் அறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி மட்டும், அதுவும் மெயிலில் பேசினார்.

அந்த வாரமே வகுப்பில் மாணவிகளிடம் சொன்னேன். "அன்னைக்கு அந்த ரூம்ல நான் சொன்னது பொய்ம்மா. ரெண்டும் ஒண்ணுதான். என் ட்யூப் சரியில்லை."

சமயபுரத்துப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "தெரியும் மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை. ஒரு மாதிரிக்குள் இன்னொன்று எப்படியெல்லாம் கலக்கலாம் என்று அவர்களிடமே கேட்டேன். மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர், பட்டுக்கோட்டை என்று பஸ் மாறிக் கரைக்குப் போனோம். வாளி பிடிக்கக் கணவர் வந்தார். புதுக் குழாய்ப் பாக்கெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். தண்ணீருக்குள் இறங்குகிறவரை அதைப் பிரிக்கவில்லை. பாக் நீரிணையில் அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, "இது கடலா, ஏரியா? நம்ம கொள்ளிடத்துல இதைவிடத் தண்ணி வேகமாப் போகும்" என்றார். அவருக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. கடலறிவியல்காரி முழங்கால் தண்ணீரில் நின்று ஆணையிட, மின்வாரியத்துக்காரர் குனிந்து புல் பறித்தார்.

இந்தத் தடவை ஒரு குழாய் கூடுதலாக வைத்தேன். அதில் இலையே கிடையாது. வெறும் சுத்த நீர். மற்றக் குழாய்களுக்குச் செய்ததையெல்லாம், அமிலத்தில் கொதிக்க வைப்பதிலிருந்து கடைசி அலசல்வரை, அதற்கும் செய்தேன். அதில் ஒரே ஓர் ஓடு தென்பட்டாலும் என் கை இன்னும் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். இதை முதல் வருஷத்திலேயே செய்திருக்க வேண்டும். எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். குழாய்கள் பளபளவென்று இருந்ததால் எனக்கு அது தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

மூன்று மாதக் கெடு முடிய எட்டு நாள் இருந்தபோதுதான் நுண்ணோக்கி அறையில் அரை நாள் கிடைத்தது. முதலில் அந்த வெறும் வில்லையை வைக்கச் சொன்னேன்.

"இதுல ஒண்ணுமே இல்லைங்களே மேடம்" என்றார் சார்.

"நல்லாத் தேடுங்க சார்."

"எதை?"

"ஒண்ணும் இல்லைங்கறதை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, வில்லையின் ஓர் ஓரத்தில் தொடங்கி வயல் உழுகிற மாதிரி வரிசை வரிசையாகப் போனார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு புள்ளி வந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். தூசிதான். கடைசி வரிசையும் முடிந்தது. ஒன்றும் இல்லாத ஒரு திரையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்து கடற்புல் வில்லை. பழைய பட்டியலை மடியில் விரித்துப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒன்று வந்தது, முதல் வருஷத்தில் நான் முதன்முதலாகப் பெயர் கண்டுபிடித்த சின்ன வட்ட ஓடு. டிக் போட்டேன். அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு. சார் தானாகவே, "இதோ உங்க ஆளு", "இந்தா இன்னொருத்தர்" என்று சொல்லத் தொடங்கினார். சாப்பாட்டு வேளை வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டித் திரை மங்கியது. துடைத்துக்கொண்டு டிக் போட்டேன்.

முடிவில் எண்ணிப் பார்த்தோம். ஐம்பத்தொன்று வந்திருந்தன. பதினொன்று வரவில்லை. அந்தப் பதினொன்றையும் ஆற்றுப் புத்தகத்தோடு வைத்து ஒப்பிட்டேன். பதினொன்றும் அதில் இருந்தன. அந்தப் பதினொன்றுக்காக எனக்கு வருத்தமே வரவில்லை. மற்றவை அத்தனையும் கடலிலேயே இருந்தன, என் ஐந்து வருஷமும் அங்கேயே இருந்தது.

வராந்தாவுக்கு வந்து நெறியாளருக்குப் போன் செய்தேன். "ஐம்பத்தொண்ணு நிக்குது மேடம். பதினொண்ணு போச்சு."

"எழுதிக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பட்டியல் வரும் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் அதன் முதல் வாக்கியம் இப்படி வரும்: "முந்தைய பட்டியலில் இருந்த பதினோரு இனங்கள் கடலைச் சேர்ந்தவை அல்ல, ஒரே குழாய்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய என் தவறால் சேர்ந்தவை." இதை அடிக்குறிப்பில் போடலாமே என்று ஒரு தடவை தோன்றியது. போடவில்லை. அச்செடுத்து, நெறியாளர் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் கையில் ஒரு தாள் போனால் சிவப்பு மை இல்லாமல் திரும்பாது. இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்ளப் போனேன். அவர் வகுப்பில் இருந்தார். தாள்கள் மேசையின் மேல் இருந்தன. முதல் பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம்தான் இருந்தது. "என் தவறால்" என்பதில் "என்" என்பதை அடித்துவிட்டு, மேலே "எங்கள்" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.